ஐந்நூத்தி எண்பது ரூபாய் பனியன்

பெண்டாட்டியிடம் பொய் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மச்சான் என்ன தொழில் செய்கிறார்? இரண்டு, பேங்க் மெசேஜ் யார் யார் போனுக்கு வருகிறது? இந்த இரண்டையும் கவனிக்காமல் பொய் சொன்ன ஓர் அப்பாவியின் கதை இது. அந்த அப்பாவி... வேறு யார், அடியேன்தான்.

கோயமுத்தூரில் ஓர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன். நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, முப்பத்து மூன்று வயதிலேயே தொப்பை எனக்கு முன்னால் லிஃப்டுக்குள் நுழைய ஆரம்பித்துவிட்டது. டாக்டர் "நடங்க" என்றார். நடப்பது போர். சைக்கிள் வாங்கினேன். தினமும் ஆபீஸுக்கு ஏழு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் வரை. தொப்பை கொஞ்சம் பின்வாங்கியதும் தைரியம் வந்து, போன வருஷம் ஜனவரியில் கோத்தகிரிக்கே ஏறிவிட்டேன்.

ஏறினதில் தப்பில்லை சார். போட்டிருந்த பனியனில்தான் தப்பு.

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800. நடுவில் 33 கிலோமீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். நான் போட்டிருந்தது சாதாரண காட்டன் டி-ஷர்ட். பருத்திக்கு ஒரு குணம், வியர்வையைக் குடிக்கும்; குடித்ததை லேசில் விடாது. மேலே போய்ச் சேர்ந்தபோது டி-ஷர்ட்டைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். பனியில் நின்று இரண்டு டீ குடித்துவிட்டு, "இறக்கம்தானே, ஜாலி" என்று சைக்கிளை விட்டேன்.

பத்து நிமிஷத்தில் ஜாலி போய்விட்டது. ஈரத்துணி, எதிர்க்காற்று, கூடவே தூறல். மிதிக்கிற வேலையும் இல்லாததால் உடம்பு சூடாக வழியில்லை. குளிர் எடுத்தால் உடம்பு முதலில் நெஞ்சையும் வயிற்றையும்தான் காப்பாற்றும். கை, காலுக்கு ரத்தம் அனுப்புவதைக் குறைத்துவிடும். விளைவு? ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கைப் பிடிக்கிறேன்... பிடித்தேனா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை! எதிரே ஒரு லாரி. ஓரத்துச் சுவரில் உரசி விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். லாரிக்காரர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் எடிட்டர் போட மாட்டார்.

வீட்டில் கேட்டதற்கு, "டீக்கடைப் படியில வழுக்கிட்டேன்" என்றேன். இது பொய் நம்பர் ஒன்று.

அன்று ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் லாரிதான் வந்தது. சைக்கிளை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆபீஸில் இன்னொரு சைக்கிள் பைத்தியம் உண்டு. அவர்தான் காதில் ஓதினார்: "சார், மெரினோ கம்பளி பனியன் வாங்குங்க. உடம்போட ஒட்டி உள்ளே போட்டுக்கணும்."

கம்பளியா! கோயமுத்தூரிலா! சின்ன வயசில் பாட்டி போட்டுவிட்ட ஸ்வெட்டர் ஞாபகம் வந்து இப்போதே கழுத்து அரித்தது.

அரிப்பு கம்பளியால் இல்லை, அதன் தடிமனால் என்பது பிறகுதான் புரிந்தது. முரட்டுக் கம்பளியின் இழை 30 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அதன் முனை வளையாமல் தோலில் குத்தும். மெரினோ ஆட்டு ரோமம் 17, 18, 19 மைக்ரான்தான். நம் தலைமுடியில் மூன்று, நாலு பங்கில் ஒன்று. தோலில் பட்டால் வளைந்துகொடுக்கும். (மனைவியின் அண்ணனிடம் மாப்பிள்ளைகள் வளைவது மாதிரி. அதற்கும் வருகிறேன்.)

இந்த ஆட்டுக்கு ஒரு காலத்தில் ராஜ மரியாதை. 18-ம் நூற்றாண்டுக்கு முன்பு ஸ்பெயினிலிருந்து மெரினோவை வெளியே கடத்தினால் தலையே போகும். 1797-ல் அது ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. இன்று மெரினோ என்றாலே அந்த நாடுதான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 1919-ல் மஞ்சள் சட்டை வந்தபோது அதுவும் கம்பளிதான். 1940-களின் கடைசியில் அதில் செயற்கை நூலைக் கலந்தார்கள். லூயிசோன் போபே என்ற வீரர், "சுத்தக் கம்பளியாக இருந்தால்தான் போடுவேன்" என்று தனக்குக் கிடைத்த முதல் மஞ்சள் சட்டையையே மறுத்துவிட்டார். பிடிவாதக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. 1953, 54, 55 என்று வரிசையாக மூன்று வருஷம் அந்தப் பந்தயத்தை ஜெயித்தவர்.

போபேயே சொன்ன பிறகு அப்பீல் ஏது? ஆர்டர் போட்டேன். விலை 5,800 ரூபாய். ஒரு பனியன்! பார்சல் வந்ததும் சகதர்மிணி கேட்டாள், "எவ்வளவுங்க?"

"ஐந்நூத்தி எண்பது" என்றேன். ஒரே ஒரு சைபரைத்தான் விழுங்கினேன். பொய் நம்பர் இரண்டு.

டிசம்பரில் மறுபடி அதே கோத்தகிரி. இந்தத் தடவை உள்ளே மெரினோ, பையில் காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், கைக்கு முழு உறை. ஏறும்போது வியர்த்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்ளே இழுத்துக்கொண்டும், தொட்டால் சொதசொதவென்று இருக்காது. இழுக்கும்போது கொஞ்சம் சூடும் விடும். இறங்கும்போது முதுகில் ஐஸ் வைத்த உணர்ச்சி இல்லை. அதே கொண்டை ஊசி வளைவு. பிரேக்கைப் பிடித்தேன். விரல் சொன்ன பேச்சைக் கேட்டது. இறங்கி நின்று, அந்தச் சுவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்தேன்.

நியாயமாகச் சொன்னால் பாதிப் புகழ் அந்த ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும்தான் சேர வேண்டும். எதிர்க்காற்றைத் தடுக்காமல் மெரினோ மட்டும் தனியாக ஜெயிக்காது.

இன்னொரு சௌகரியம், நாற்றம். பாலியஸ்டர் டி-ஷர்ட்டில் ஆபீஸ் போன காலத்தில் பக்கத்து சீட்டுக்காரர் காரணமே சொல்லாமல் ஜன்னலோரம் மாறிவிடுவார். மெரினோவை மூன்று நாள் துவைக்காமல் போட்டும் அவர் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் வேண்டுமா?

குறைகளும் உண்டு. ஒன்று, விலை (சைபரோடு!). இரண்டு, தண்ணீரில் நனைத்தால் காய நேரமாகும். பாலியஸ்டர் அதற்குள் இரண்டு தடவை காய்ந்துவிடும். மூன்று, மெல்லிசு. முதுகில் பை மாட்டினால் தோள்பட்டையில் தேய்ந்து ஓட்டை விழும். நான்கு, பூச்சி. வியர்வைக் கறையோடு பீரோவில் வைத்தால் அந்துப்பூச்சியின் புழுவுக்கு விருந்து. ஐந்து, துவைப்பது. கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி செதில்கள் உண்டு. சுடுதண்ணீரும் வாஷிங் மெஷின் குலுக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அப்பா பனியன் பையன் பனியனாகிவிடும். ஆறு, நம்ம ஊர் ஏப்ரல் வெயில். அதில் மெரினோ போட்டு ஆபீஸுக்கு ஏழு கிலோமீட்டர் மிதிப்பது காசுக்குப் பிடித்த கேடு. சாதா டி-ஷர்ட்டில் போய், ஆபீஸில் சட்டை மாற்றிக்கொண்டால் போதும்.

இப்போது மச்சானுக்கு வருவோம். அவர் இருப்பது திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில்! பொங்கலுக்கு வந்தவரிடம் சகதர்மிணி பெருமையாகப் பனியனை எடுத்துக் காட்டினாள். "ஐந்நூத்தி எண்பதுதானுங்ணா. உனக்கும் ரெண்டு வாங்கித் தரச் சொல்லட்டுமா?"

எனக்கு ஜனவரி குளிரிலும் வியர்த்தது.

மச்சான் துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். "நூத்தம்பது ஜி.எஸ்.எம். இருக்கும்" என்றார். உள்தையலில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டினார். முடி கருகிய வாசனை. பாலியஸ்டராக இருந்தால் உருகி மணி மாதிரி உருண்டிருக்கும்.

"சுத்தக் கம்பளிங்க மாப்ள. ஐந்நூத்தி எண்பதுக்கு நூலே வராதே! எந்தக் கடைங்க?"

"அது... ஆடித் தள்ளுபடி மச்சான்..."

"ஆட்டுக்கா?" என்றார். வீடே சிரித்தது, ஒருத்தியைத் தவிர.

ராத்திரி எல்லோரும் போன பிறகு, "பேங்க் மெசேஜ் என் போனுக்கும்தானுங்க வரும். அன்னிக்கே தெரியும், ஐயாயிரத்து எண்ணூறு" என்றாள்.

"ஸாரி. விலையைச் சொன்னா திட்டுவேன்னு..."

"காசை விடுங்க. போன ஜனவரில சிராய்ப்போட வந்தீங்களே, டீக்கடைப் படின்னு. டீக்கடைப் படி சைக்கிள் ஹேண்டில் பாரையும் தேய்ச்சு விட்டுடுச்சாக்கும்?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, விரல், சுவர், விற்றுவிட நினைத்தது வரை. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"போக வேண்டாம்னு சொல்லப் போறதில்ல. எந்தப் பக்கம் போறீங்க, எத்தனை மணிக்கு வருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. விழுந்தா விழுந்தேன்னு சொல்லுங்க. படிக்கட்டு மேல பழி போடாதீங்க."

அதற்குப் பிறகு ஊட்டிக்கே மிதித்துப் போய் வந்தேன், முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான். பைக்காரா ரோட்டில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம்ம நீலகிரி ஆட்டு இனத்தில் 19-ம் நூற்றாண்டிலேயே மெரினோ ரத்தம் கலந்திருக்கிறதாம். ஆக, என் பனியனுக்கு உள்ளூரிலேயே சொந்தக்காரர்கள் உண்டு! அதை போனில் சொன்னதும் அவள், "அவங்ககிட்டயும் விலையைக் குறைச்சுச் சொல்லிடாதீங்க" என்றாள்.

இப்போது பனியனைத் துவைப்பது அவள்தான். என்னை நம்பவில்லை. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் பூந்திக்கொட்டைச் சாறு, முறுக்காமல் பிழிந்து நிழலில் உலர்த்தல்.

போன வாரம் புதுப் பட்டுப் புடவை ஒன்று கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நல்லாருக்கு, எவ்வளவு?" என்றேன்.

"ஐந்நூத்தி எண்பது."

பேங்க் மெசேஜ் என் போனுக்கும்தான் வந்தது. நான் திறந்து பார்க்கவில்லை!