இரண்டாம் முறை மாலை மாற்றும் ஊர்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி நோக்கிச் செல்லும் சாலையில், விடியற்காலை வேளைகளில் கல்யாணக் குழுக்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் விரைகின்றன. பூக்கூடை, பழத்தட்டு, பட்டுப்புடவைச் சலசலப்பு, தூக்கம் கலையாத குழந்தைகள் என்று எதற்கும் குறைவில்லை. மணமக்கள் யார் என்று தேடும்போதுதான் கண் சற்றுத் தடுமாறுகிறது. முன்னிருக்கையில் அமர்ந்து, ஓட்டுநரிடம் "மெதுவாகப் போங்கள் தம்பி" என்று மூன்றாம் முறையாகச் சொல்பவரே மணமகன். பின்னிருக்கையில், அவருடைய மாத்திரைப் பெட்டியை மடியில் பத்திரமாக வைத்திருப்பவரே மணமகள். பேரக் குழந்தைகள் சூழத் திருமணத்துக்குப் போகிறவர்கள் இவர்கள். இவர்கள் இறங்குமிடம் திருக்கடையூர்.

தேவாரத்தில் கடவூர் என்று போற்றப்படும் இத்தலம், மூவர் பாடலும் பெற்றது. சிவபெருமானின் வீரச் செயல்கள் நிகழ்ந்த அட்ட வீரட்டத் தலங்கள் எட்டனுள் ஒன்று. காலனைக் காலால் உதைத்த இடம் என்பதால், ஆயுளை வேண்டி வருவோர் இங்கே ஆண்டு முழுவதும் குவிகின்றனர். 60-வது வயது தொடங்கும்போது உக்ரரத சாந்தி, 60 நிறைந்ததும் சஷ்டியப்தபூர்த்தி, 70-இல் பீமரத சாந்தி, 80-இல் சதாபிஷேகம் என்று மூப்பின் ஒவ்வொரு படிக்கும் இங்கே ஒரு விழா உண்டு. முதுமையை ஒளித்து வைக்கும் ஊர்களுக்கு நடுவே, அதற்கு மாலை போட்டு, மேளம் வைத்து, மணையில் உட்கார வைக்கும் ஊர் இது.

அறுபதுக்கு ஏன் இத்தனை சிறப்பு? தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. குரோதி ஆண்டில், அதாவது 1964-65-இல் பிறந்த ஒருவர், 60 ஆண்டுகளை நிறைவு செய்து மீண்டும் அதே குரோதியை 2024-25-இல் கண்டார். குரு ஏறத்தாழ 12 ஆண்டுகளில் ராசி மண்டலத்தைச் சுற்றி வருகிறார். சனி பகவானுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள். அறுபதில் குருவுக்கு ஐந்து சுற்று, சனிக்கு இரண்டு சுற்று நிறைகின்றன. பிறந்த போது இருந்த இடத்துக்கே அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். பிறந்தவர் மட்டுந்தான் பல்லும் முடியும் குறைந்து, வேறோர் ஆளாக வந்து நிற்கிறார்.

80-க்குச் சொல்லப்படும் கணக்கு இன்னும் அழகானது. ஆயிரம் பிறை கண்டவர் என்பது சதாபிஷேகத் தம்பதியருக்குரிய சிறப்பு. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே சராசரி இருபத்தொன்பதரை நாள். அப்படி ஆயிரம் பிறை எண்ணி முடிக்க ஏறத்தாழ 80 ஆண்டும் 10 மாதமும் வேண்டும். பிறை தெரியும் கண் அதற்குள் புரை விழுந்து அறுவை சிகிச்சையும் கண்டிருக்கும் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

வயதைக் கணக்கிடுவதிலேயே பல வீடுகளில் முதல் வழக்கு எழுகிறது. அலுவலகப் பதிவேட்டில் ஒரு பிறந்த நாள், ஜாதகத்தில் வேறொரு பிறந்த நாள். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுக் காட்டினால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட தலைமுறை அது. கை காதை எட்டிவிட்டால், பள்ளிக்கு வசதியான ஒரு தேதி பதிவேட்டில் ஏறிவிடும். அந்தத் தேதியைக் கொண்டே வேலையில் சேர்ந்து, அந்தத் தேதியிலேயே ஓய்வும் பெற்றவர்கள், திருக்கடையூர்ப் பயணத்தின்போதுதான் பரணிலிருந்து உண்மை வயதை இறக்குகிறார்கள். சிவாச்சாரியாருக்குச் சான்றிதழ் தேவையில்லை. பிறந்த தமிழ் மாதமும் நட்சத்திரமும் போதும். இதில் பெரும்பாலும் கணவரின் வயதே கணக்கு. "இவருடைய கணக்கிலேயே என்னையும் கிழவியாக்கிவிட்டார்கள்" என்று மணமகள்கள் முணுமுணுப்பது ஆலயத்தின் அன்றாட ஒலிகளுள் ஒன்று.

மேற்கு நோக்கி வீற்றிருக்கும் அமிர்தகடேஸ்வரரின் வரலாறே ஒரு தொலைந்த பொருளின் கதையில்தான் தொடங்குகிறது. பாற்கடலைக் கடைந்து பெற்ற அமுதக் குடத்தைத் தேவர்கள் இங்கே கொண்டுவந்தனர். மூத்த பிள்ளையாரை வணங்க மறந்தனர். அவர் குடத்தை மறைத்துவிட்டார். பிழை உணர்ந்து பணிந்த பிறகே அது கிடைத்தது. குடமே லிங்கத் திருமேனியாயிற்று என்பது தலவரலாறு. குடத்தை ஒளித்த கணபதி இங்கே கள்ள வாரணப் பிள்ளையார் என்று செல்லமாக வழங்கப்படுகிறார். நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை வீடெங்கும் தேடும் முதியவர்கள் அவர் சன்னதியில் சற்றுக் கூடுதலாகக் குட்டிக்கொள்வதில் வியப்பில்லை. வைத்த இடத்தில் பொருளைக் காணாமல் தேவர்களே தவித்த ஊர் அல்லவா!

மண்டபங்களில் ஒரே நேரத்தில் பல திருமணங்கள் நடைபெறுகின்றன. ஒரு புறம் மணிவிழா, தூணுக்கு அப்பால் சதாபிஷேகம். முதல் சோதனை, மணையில் அமர்வது. அமர்வதாவது ஒருவாறு நடந்துவிடுகிறது, எழுவதுதான் பெருவேள்வி. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு நாற்காலி போடப்படுகிறது. ஹோமப் புகையில் மணமகன் இருமினால், மந்திரத்துக்கு நடுவிலும் மணமகள் வெந்நீர்க் குப்பியை நீட்டுகிறார். பின்னர், பூஜிக்கப்பட்ட கலசங்களின் நீரைப் பிள்ளைகளும் உற்றாரும் தம்பதியர் தலையில் ஊற்றுகின்றனர். ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகளைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டியவர்கள் இவர்கள். இப்போது கை மாறியிருக்கிறது. "காதில் தண்ணீர் போய்விடப் போகிறது, பார்த்து ஊற்று" என்ற எச்சரிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. அன்று அதைச் சொன்னவர் தாய். இன்று சொல்பவர் மகள்.

மாங்கல்ய தாரணத்தின்போது கேலிப் பேச்சுகள் உச்சத்தை எட்டுகின்றன. "மாமா, இந்த முறையாவது நன்றாக யோசித்துக் கட்டுங்கள்" என்று ஒரு மருமகன் சொல்லாத மண்டபம் இல்லை. முடிச்சுப் போட வரும் நாத்தனாருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் கண்ணாடி பையில் இருக்கும். பை வேனில் இருக்கும். கெட்டிமேளம் ஒலிக்க, ஓர் இளைஞன் வேனை நோக்கி ஓடுகிறான்.

தாலி என்றதும் இவ்வூர் நினைவுகூர வேண்டிய ஓர் இல்லத்தரசி உண்டு. அறுபத்து மூவருள் ஒருவரான குங்கிலியக் கலய நாயனார் வாழ்ந்த ஊர் இது. இறைவனுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதே அவர் தொண்டு. செல்வமெல்லாம் கரைந்து, குடும்பம் பட்டினி கிடந்தபோது, நெல் வாங்கி வருமாறு அவர் மனைவி தம் தாலியைக் கழற்றிக் கொடுத்தார். வழியில் குங்கிலிய வணிகன் எதிர்ப்பட்டான். தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார் நாயனார். இறைவன் அருளால் வீடு நெல்லும் பொன்னுமாக நிறைந்தது என்கிறது பெரியபுராணம். காய்கறி வாங்க அனுப்பினால் வேறெதையோ வாங்கி வரும் கணவர்களின் மனைவியர், இக்கதையைக் கேட்டுப் புன்னகையுடன் தம் கணவரைத் திரும்பிப் பார்க்கின்றனர். அந்தப் பார்வைக்கு, 'நெல் எங்கே?' என்று பொருள்.

மறதிக்கு மன்னிப்பு வழங்கும் சன்னதியும் இங்கே இருக்கிறது. தை அமாவாசையன்று தரிசனத்துக்கு வந்த சரபோஜி மன்னர், அபிராமி அம்மையின் நினைவில் தம்மை மறந்திருந்த பட்டரிடம் திதி கேட்டார். பௌர்ணமி என்றார் பட்டர். வீட்டில் ஒரு தாத்தா புதன்கிழமையைச் செவ்வாய் என்று சொல்லிவிட்டால் நாலு பேர் திருத்துகிறார்கள். பட்டரை அன்னை திருத்தவில்லை. நெருப்பின் மேல் உறியில் நின்று அவர் அந்தாதி பாட, 79-வது பாடலின்போது அன்னையின் காதணி நிலவாக வானில் எழுந்தது என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. திதி மாறவில்லை, அன்பின் பொருட்டு வானம் மாறியது. ஞாபகம் தளரும் பெரியோரைக் கொண்ட குடும்பங்கள், அபிராமி சன்னதியில் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

சிரிப்பெல்லாம் அடங்குவது காலசம்ஹாரமூர்த்தியின் முன்னால்தான். பதினாறே வயது என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயர் லிங்கத்தைத் தழுவிக்கொள்ள, எமன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழ, இறைவன் வெளிப்பட்டு அவனை உதைத்த கோலம் அது. என்றும் பதினாறாக நிற்கும் சிறுவனின் முன் அறுபதும் எண்பதும் கைகூப்பி நிற்கின்றன.

முதல் திருமணத்தில் மணமக்களுக்கு வரப்போவது எதுவும் தெரியாது. இரண்டாவதில் ஒன்று நன்றாகத் தெரியும்: இருவரில் ஒருவர் முன்னே போக வேண்டும். சுமங்கலியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது இந்நாட்டுப் பெண்கள் காலங்காலமாக வேண்டிக்கொள்வது. ஆனால் நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவருக்கு, அந்த வேண்டுதலின் மறுபாதி உடனே நெஞ்சில் இடிக்கிறது. தன் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத இந்த மனிதரைத் தனியே விட்டுப் போவது எப்படி? கணவருக்கும் அதே தவிப்பு, வேறு சொற்களில். ஒருவர் கேட்பதை மற்றவர் வேண்டுதல் மறுக்கிறது. இருவரும் கண்ணை மூடி நிற்கின்றனர். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

தலபுராணம் அங்கே நின்றுவிடவில்லை. காலன் இல்லாத உலகில் பிறப்பு மட்டும் பெருக, பாரம் தாங்காமல் பூமிதேவி முறையிட்டாள். இறைவன் எமனை எழுப்பி, மீண்டும் அவன் தொழிலை அவனுக்கே அளித்தார். இத்தலத்தில் எமனுக்கும் சன்னதி உண்டு. ஆகவே இங்கே கிடைப்பது சாவில்லா வரம் அன்று. அச்சத்துக்கு ஓர் உதை. எஞ்சிய நாள்களுக்கு ஒரு மாலை. எமனையும் வணங்கிவிட்டே தம்பதியர் வெளியே வருகின்றனர்.

வர எண்ணுவோர், மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் இறங்கினால் பேருந்தும் வாடகை வண்டியும் கிடைக்கும். சாந்தி செய்வதாயின் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நலம். மாற்றுத் துணி, மாத்திரை, கண்ணாடி ஆகிய மூன்றும் வேனில் அல்லாமல் கையில் இருக்கட்டும். பிற்பகலில், அருகிலுள்ள தரங்கம்பாடியில் 1620-இல் எழுந்த டேனிஷ் கோட்டையையும் கடலையும் பேரக் குழந்தைகளுக்குக் காட்டலாம். தனக்கும் வயதாவதைப் பற்றி அந்தக் கோட்டை கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

மண்டபத்தில் ஒரு மணை காலியாகிறது. நீரைத் துடைத்து, கோலத்தைச் சரிசெய்து, அடுத்த தம்பதியரை அழைக்கிறார்கள். பீமரத சாந்திக்கு வந்தவர்கள். "எழுந்திருக்கும்போது நீ என் கையைப் பிடித்துக்கொள்" என்கிறார் அவர். "நான் எழுந்திருக்க யார் கையைப் பிடிப்பது?" என்று கேட்டபடியே, கையை நீட்டுகிறார் அந்த அம்மையார்.