காவலை நிறுத்துதல்

தமிழில் ‘நிறுத்து’ என்னும் வினைக்கு எதிரெதிரான இரு பொருள்கள் உண்டு. வாயிலில் காவலரை நிறுத்தினால் காவல் தொடங்குகிறது. காவலை நிறுத்தினால் அது முடிந்துவிடுகிறது. மொழியில் சூழல் நோக்கிப் பொருள் தெளியலாம். நச்சுப்பொருளைத் தேக்கி வைத்திருக்கும் ஓர் ஆலையில் இவ்விரண்டும் மயங்கினால் விளைவு என்ன என்பதற்குப் போபால் சான்று.

1984 அக்டோபரில் யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் உற்பத்தி நின்றது. உற்பத்தி நின்ற ஆலைக்குக் காவல் எதற்கு என்ற எண்ணம் அதற்கு முன்னரே அங்கு வேரூன்றியிருந்தது. சேமிப்புக் கலங்களைக் குளிர்விக்கும் அமைப்பு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிசோடாக் கரைசலால் முறிக்க வேண்டிய கோபுரம் ஆயத்த நிலையில் இல்லை. வாயுவை எரித்தழிக்கும் சுடர்க்கோபுரத்தின் குழாயில் ஒரு பகுதி பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஆனால் 610ஆம் எண் கலத்தில் 40 டன்னுக்கும் மேற்பட்ட நச்சுத் திரவம் அப்படியே இருந்தது. டிசம்பர் 2 இரவு அதனுள் நீர் புகுந்தபோது, தடுக்க வேண்டியவற்றுள் ஒன்றும் பணியில் இல்லை. விடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஆலை ஓய்வுபெறலாம், அதன் ஆபத்து உடன் ஓய்வுபெறுவதில்லை. இந்த உண்மையை அதே ஆலை இரண்டு வாரங்களில் மீண்டும் காட்டிற்று. எஞ்சிய நச்சுத் திரவத்தை அழிக்க, டிசம்பர் 16 அன்று விஞ்ஞானி எஸ். வரதராஜன் தலைமையில் ஆலை மறுபடி இயக்கப்பட்டது. திரவம் பூச்சிக்கொல்லியாக மாற்றித் தீர்க்கப்பட்டது. வானிலிருந்து ஹெலிகாப்டர்கள் நீர் தெளித்தன. அச்சத்தில் நகரின் பெரும்பகுதி காலியாயிற்று. பாதுகாப்பாக மூடுவதற்காகவே ஓர் ஆலையைத் திறக்க வேண்டியிருந்தது.

ஆகவே மூடுதலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நச்சுப்பொருள் வெளியேற வேண்டும். பின் கலமும் குழாயும் கழுவப்பட்டு, எதுவும் எஞ்சவில்லை என்பது சோதித்து உறுதிசெய்யப்பட வேண்டும். அபாயமணியும் குளிர்விப்பானும் கடைசியாகவே விடைபெற வேண்டும். இடையில் ஒன்றை நிறுத்தியே தீரவேண்டுமெனில், அதற்கு மாற்று எது, எத்தனை நாளுக்கு, யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்னும் செயப்பாட்டு வினை, செய்தவரைச் சொல்லாமலே நிறைவுபெறும். இலக்கணம் அதை ஏற்கும். ஆலையின் பதிவேடு ஏற்கலாகாது.

அவ்வாலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு, எரித்தழிப்பதற்காகப் பீதம்பூருக்கு எடுத்துச்செல்லப்பட்டது 2025 ஜனவரியில்தான். உற்பத்தி நின்று 40 ஆண்டுகள் கடந்திருந்தன.