இறங்கி ஏறும் வண்டி

பெருநகர்களைக் காணவருவோர்க்கென ஒருவகைப் பஸ் வண்டி ஓடுகின்றது. அதன் சீட்டுத் தூரத்தை அளந்து விற்கப்படுவதன்று. நேரத்தை அளந்து விற்கப்படுவது. ஒரு நாட்சீட்டு வாங்கியவர் 24 மணி நேரத்துள் குறித்த தரிப்பிடங்களுள் எதிலும் இறங்கலாம். வேண்டியமட்டும் நின்று பார்க்கலாம். அடுத்து வரும் வண்டியில் அதே சீட்டைக் காட்டி ஏறலாம். இலண்டன் மாநகரில் 1951ஆம் ஆண்டு நடந்த பிரித்தானிய விழாவையொட்டிச் சுற்றுலாப் பஸ் ஓடத் தொடங்கியது. நாளடைவில் இவ்வாறு இறங்கி ஏறும் முறை அங்கு வேரூன்றியது. தில்லி மாநகரிலும் 2010ஆம் ஆண்டு, பொதுநலவாய விளையாட்டு விழாவையொட்டி, இம்முறை புகுந்தது.

ஈச்சிலம்பற்றிற் பிறந்த எமக்கு வண்டியில் இறங்கி ஏறுதல் புதிய வித்தையன்று. திருக்கோணமலைக்கும் எம்மூருக்கும் இடையே கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என நீர்த்துறைகள் குறுக்கிட்டன. அங்கெல்லாம் பாலம் இல்லை, 'பாதை' இருந்தது. பிறவூர் அன்பர்கள் பாதை என்றால் நடக்கும் வழியென்று கொள்வர். கீழ்மாகாணத்தில் அஃது ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்குப் பெயர். துறைதோறும் பஸ்ஸினின்றும் இறங்குவோம், பாதையில் ஏறுவோம், அக்கரையில் மீண்டும் பஸ்ஸில் ஏறுவோம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இன்று எம் மாணாக்கர் இருக்கையை விட்டு எழாமலே நகர் சேர்கின்றனர். ஆகவே, இலண்டனிலே பணங்கொடுத்து இறங்கி ஏறுவோரைக் கண்டபோது, நாம் விட்டொழித்த தொல்லையை இவர்கள் விலைக்கு வாங்குகின்றனரே என்று எமக்கு நகைப்பே உண்டாயிற்று.

சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில், அந்நகரில் வதியும் எம் தம்பியின் அழைப்பின்பேரில் ஆங்குச் சென்றிருந்தோம். தம்பிக்கு அன்று வேலைநாள். "அண்ணா, இதில் ஏறி இருங்கள், நகரம் முழுவதையும் உங்களுக்குக் காட்டிவிடும்" என்று சொல்லிச் சீட்டைக் கையில் தந்து சென்றான். வண்டி செந்நிறம், மேல்மாடிக்குக் கூரையில்லை. இருக்கைதோறும் செவிக்கருவியைச் செருகத் துளையுண்டு. எண்ணொன்றை அழுத்தி மொழியைத் தெரிந்துகொள்ளலாம். யாம் ஏறிய வண்டியின் மொழிகளுள் தமிழ் இல்லாமையால் ஆங்கிலத்திற் கேட்டோம். வலப்புறம் பாருங்கள், இடப்புறம் பாருங்கள் என்று குரல் ஏவிற்று. எல்லோரும் அவ்வாறே தலையைத் திருப்பினர். எம்மருகில் இருந்தோருட் பலர் ஓரிடத்திலேனும் இறங்கவில்லை. படம் எடுத்தனர், சுற்று முடிந்ததும் போயினர். உரைநூலை மாத்திரம் படித்து மூலத்தைத் தொடாமலே பரீட்சை எழுதும் மாணாக்கர் எம் நினைவில் வந்தனர்.

நாம் எங்கே இறங்குவது? இக்கேள்விக்குச் செவிக்கருவியில் விடையில்லை. யாம் பிறந்த கொட்டியாபுரப்பற்றே விடை தந்தது.

புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலொன்று, புதிய மரம் நாட்டவும் வாணிகஞ் செய்யவும் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660ஆம் ஆண்டில், அதன் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸ் என்னும் 19 வயது இளைஞரையும் வேறு சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுசென்றனர். தந்தையார் மறு ஆண்டே அங்கு இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்து, 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்து, பின் தாய்நாடு சேர்ந்தார். மூதூரிலே அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டினர். அக்கல்லைக் கடந்து நூறுமுறை போயிருக்கின்றோம். அவருடைய ஊருக்கு வந்தபின் அவரைத் தேடி இறங்குவதே முறையெனத் துணிந்தோம்.

முதலில் இலண்டன் கோபுரத் தரிப்பில் இறங்கினோம். எம்முடன் இறங்கியோர் முடிமணிகளையும் கோகினூர் வைரத்தையும் காண விரைந்தனர். யாமோ கோட்டைக்குப் புறத்தேயுள்ள கோபுர மேட்டில் நின்றோம். நொக்ஸ் 1641இல் பிறந்தது அப்பகுதியிலேதான். தேம்ஸ் நதி அருகே ஓடுகின்றது. கப்பற்றலைவர் ஒருவரின் மகன் நடைபழகிய அந்நிலத்திலிருந்து கொட்டியாரம் எவ்வளவு தொலைவு என்பதை நின்று எண்ணியபோதுதான் உணர முடிந்தது.

அடுத்து, 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் நினைவாக எழுப்பிய தூணருகே இறங்கினோம். அதன் உயரம் 202 அடி; தீத்தொடங்கிய வெதுப்பகத்துக்கும் அதற்கும் இடைத்தூரமும் 202 அடியே என்பர். 311 படிகளில் ஏறி இறங்கியவர்க்குச் சான்றிதழ் தருகின்றனர். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழுக்குப்பின் யாம் வருந்திப் பெற்ற சான்றிதழ் அஃதொன்றே. அத்தூணைக் கிறிஸ்ரோபர் றென் என்பாருடன் சேர்ந்து வகுத்தவர் றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி. மீண்டுவந்த நொக்ஸைத் தேடி நட்புக்கொண்டவரும், அவர் நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அந்த ஹூக்கேயாவார்.

மூன்றாவதாகச் சென் போல்ஸ் தேவாலயத்தில் இறங்கினோம். நிலவறையிலே வெலிங்ரன் கோமகனின் கல்லறை உண்டு. 1800ஆம் ஆண்டு இறுதியில் படையுடன் திருக்கோணமலையில் தங்கியிருந்த ஆதர் வெல்லெஸ்லி அவரே. ஆயினும் எம் கருத்து வெளிமுற்றத்திற் சென்றது. புத்தக வணிகர் கடைகள் அக்காலத்தில் அத்தேவாலயத்தைச் சூழ இருந்தன. நொக்ஸின் நூல் 1681இல் வெளிவந்தது அங்கேதான். உழவும் அறுவடையும், உணவும் உடையும், மரமும் விலங்கும், அரசன் கொடுமையும் குடிகளின் இயல்பும் ஆகியவற்றைக் கண்டபடி எழுதிய அந்நூல் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் பெயர்க்கப்பட்டது. விரும்பாத இடத்தில் இறக்கப்பட்டவர், இறங்கிய இடத்தை ஊன்றிப் பார்த்தமையால் விளைந்த பயன் அது.

அவர் 1720இல் இறந்தார். உடல் விம்பிள்டனிலே புனித மேரி தேவாலயத்தில் அடக்கஞ்செய்யப்பட்டது. செந்நிற வண்டி அவ்விடம் போவதில்லை. மறுநாள் இரயிலிற் சென்றோம். அதே விம்பிள்டனில் 1981ஆம் ஆண்டு முதல் விநாயகர் கோயில் ஒன்று விளங்குகின்றது. எம் கடற்கரையிற் பிடிபட்டவர் உறங்கும் ஊரிலே, நம் நாட்டை விட்டு நீங்கியோர் கற்பூரங் காட்டி வழிபடுகின்றனர்.

அக்கோயிலில் ஒரு மூதாட்டியாரைக் கண்டோம். கட்டைபறிச்சானிலிருந்து 1990இல் வெளியேறியவர். எம்மூரைக் கேட்டதும் அருகே அழைத்து இருத்தினார்.

"தம்பி, இப்ப பாதை இல்லையாமே, பாலமாமே? மெய்தானோ?"

"மெய்தான் அம்மா. பஸ்ஸில் இருந்தபடியே போகலாம்."

"இறங்காமலோ?"

"இறங்காமலே."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "அப்ப, பிள்ளைகள் ஆற்றைப் பார்க்கிறது எப்படி?" என்றார்.

நூலறிவில்லாத அம்மையாரின் அக்கேள்விக்கு எம்மால் விடைகூற இயலவில்லை. எம்மூரவரும் இறக்கப்பட்டவரே. 2006ஆம் ஆண்டுப் போரின்போது ஈச்சிலம்பற்று மக்கள் ஏனென்று கேட்க இடமின்றி வாகரை வழியே மட்டக்களப்பை நோக்கி நடந்தனர். 2007இல் மீண்டுவந்து கூரை வேய்ந்தனர். அவ்வழியில் அவர்கள் கண்டதை எழுதிவைத்தவர் மிகச் சிலர். பாதையில் நின்று நீரைப் பார்த்த தலைமுறையோ முதுமையடைகின்றது. இன்றைய மாணாக்கர் பாலத்தின்மேல் விரைந்து போகின்றனர். மூதூர்க் கல்லைப்பற்றி வகுப்பிற் கேட்டோம்; முப்பத்துநால்வருள் இருவரே அறிந்திருந்தனர். சுற்றுலா வண்டியில் இறங்காதிருந்த அந்நியரைப் பார்த்து நகைத்த எமக்கு, சொந்த நாட்டிலே நம் பிள்ளைகளும் இறங்காமலே செல்கின்றனர் என்பது விளங்கிற்று.

ஆதலின், யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், பழைய மாணவர்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஆண்டுக்கு ஒருநாள் நம் கல்லூரிக்கு இறங்கி ஏறும் வண்டியொன்று வேண்டும். புதிய வண்டி வாங்கவேண்டுவதில்லை. வாடகைக்கு இரண்டு பஸ் போதும். முதலாவது வண்டி இறக்கிவிட்டுப் போக, இரண்டாவது வந்து ஏற்றட்டும். கோணேசர் கோயிலில் இறங்கலாம். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் அது. கோட்டையினுள்ளே வெல்லெஸ்லியின் பெயர்கொண்ட மனையைக் காணலாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தொட்டுப் பார்க்கலாம். சீனன்குடாவிலே, 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் தாக்கிய வரலாற்றை எண்ணெய்க் குதங்களின் அருகே நின்று கேட்கலாம். கிண்ணியாப் பாலத்தை அன்றொருநாள் நடந்தே கடக்கலாம். மூதூர்க் கல்லடியில் நொக்ஸின் கதையைச் சொல்லலாம். முடிவில், மாவலியின் கிளையாகிய வெருகலாற்றங்கரையில், சித்திர வேலாயுதர் சந்நிதியில் இறங்கி உணவருந்தலாம்.

செவிக்கருவி வேண்டா. ஒவ்வொரு தரிப்புக்கும் மாணாக்கர் இருவர் பொறுப்பேற்று, அவ்விடத்தின் செய்தியை முன்னரே தேடிக் கற்று, நல்ல தமிழிற் சொல்லட்டும். அவ்வவ்வூர் முதியோர் ஒருவரையும் அழைத்துப் பேசச்செய்து, அவர் கூறுவதை எழுதிக்கொள்ளட்டும். அவ்வெழுத்துக்கள் ஆண்டுதோறும் இம்மலரிற் சேருமாயின், நம் கரையைப்பற்றி நம்மவரே எழுதிய நூலொன்று சில ஆண்டுகளில் உருவாகும். அதற்குத் தமிழாசிரியராகிய யாம் எம்மாலான பணியைச் செய்யக் காத்திருக்கின்றோம். வண்டி வாடகையை உள்ளூர்ப் பழைய மாணவர் ஏற்பார்களாக. இலண்டன்வாழ் பழைய மாணவர் நொக்ஸின் நூற்பிரதி ஒன்றை நம் நூலகத்துக்கு அனுப்புவார்களாக. வெருகற் கரையில் மாணாக்கர் எடுக்கும் படமொன்றை விம்பிள்டன் அம்மையாருக்கு அனுப்பும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம்.