ஓர் அங்குல வீரர்கள்

“பொம்மை வைத்து விளையாடும் வயதா உனக்கு?” சென்ற கோடை விடுமுறையில் என்னை இப்படிக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன், தோழியரே.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் சித்தப்பா என் அண்ணனுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பிளாஸ்டிக் போர்வீரர்கள். ஒவ்வொருவரும் 28 மில்லிமீட்டர் உயரம். ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். மேசையைப் போர்க்களமாக்கி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டிலேயே இதற்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை எழுதினார். உண்மைப் போரைவிட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் நெப்போலியனின் வீரர்கள். 1812இல் சுமார் 6 இலட்சம் பேருடன் ரஷ்யாவுக்குள் புகுந்த அந்தப் படை, மாஸ்கோவிலிருந்து பனியில் பின்வாங்கிச் சிதைந்த கதையை நாம் அறிவோம். அந்தப் பின்வாங்கலையே களமாக அமைக்க முடிவு செய்தோம். வண்ணம் தீட்டுவது என் பொறுப்பு.

முதலில் உடல் முழுவதும் கறுப்புப் பூச்சு. அது காய்ந்தபின் மேலங்கிக்குச் சாம்பல் நிறம், உள்சட்டைக்கு நீலம். அதன்மேல் நீர்த்த பழுப்பு வண்ணத்தை ஓடவிட்டால், துணி மடிப்புகளில் தங்கி நிழலாகிவிடும். பிறகு தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருக்கும் வண்ணத்தால் மேடுகளை மட்டும் தடவினால் வெளிச்சம் விழுந்ததுபோல் இருக்கும். தெர்மாகோலில் குன்றுகள் செதுக்கினேன். அவசரப்பட்டு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். என் கண்முன்னே குன்று கரைந்து குழி விழுந்தது! மறுமுறை ஃபெவிகால் பூசிக் காயவைத்து, தண்ணீரில் கரையும் வண்ணத்தைத் தூரிகையால் தீட்டினேன். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடும் பஞ்சு இங்கே பொருந்தவில்லை. ஃபெவிகால், வெள்ளை வண்ணம், சமையல் சோடா மூன்றையும் குழைத்துப் பனியாக்கினேன்.

அப்போதுதான் தாத்தா வந்து பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற இராணுவ வீரர். அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. கேட்டால், “பனி தின்னுடுச்சு” என்று சிரிப்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பனி இவ்வளவு வெள்ளையா இருக்காதும்மா. நிழல் விழுற இடமெல்லாம் நீலமா இருக்கும்” என்றார். பிறகு, நான் எம்-சீலில் கம்பளித் துண்டு செய்து கழுத்தில் சுற்றியிருந்த ஒரு வீரனைக் கையில் எடுத்தார். “கழுத்தை அப்புறம் பாரு. முதல்லே காலைச் சுத்து.”

மெல்லிய காகிதத்தை ஃபெவிகாலில் நனைத்து, இடுக்கியால் அந்தச் சின்னஞ்சிறு கால்களைச் சுற்றத் தொடங்கினேன். தாத்தா பேசத் தொடங்கினார்.

1984 முதல் நம் வீரர்கள் காவல் இருக்கும் சியாச்சின் பனிமலை. அங்கே எதிரியின் தோட்டா பறித்த உயிர்களைவிடக் குளிரும் உயரமும் பறித்த உயிர்களே அதிகம். ஒரு பனிப்புயலில் தாத்தாவின் கால்கள் மரத்துவிட்டன. கூட இருந்த நண்பர் அவரை முதுகில் சுமந்து கூடாரம் சேர்த்தார். மறுமாதம் பனிச்சரிவில் அந்த நண்பர் போய்விட்டார். காப்பித் தம்ளருடன் வாசற்படியில் நின்ற பாட்டியும் அந்த நண்பரின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

மறுநாள் இரண்டு வீரர்களை எடுத்தேன். ஒருவனின் துப்பாக்கியை வெட்டி எறிந்தேன். தோளில் கையை அறுத்து, மெல்லிய கம்பி செருகிப் பின்பக்கம் திருப்பினேன். இன்னொருவனின் கால்களை முழங்காலில் வெட்டி மடக்கி, இடைவெளியை எம்-சீலால் நிரப்பி, முதலாமவன் முதுகில் ஏற்றினேன். மூன்று நாட்கள் ஆயின. இரண்டு பொம்மைகள் பாழாயின. தாத்தா ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: “தலையைக் குனிய வை. சுமக்கிறவன் தூரத்தைப் பார்க்க மாட்டான். அடுத்த அடி வைக்கிற இடத்தைத்தான் பார்ப்பான்.”

ஆட்டத்தில் அந்த இருவருக்கும் மதிப்பெண் இல்லை. “துப்பாக்கி இல்லாதவன் கணக்கில் வரமாட்டான்” என்றான் அண்ணன். பள்ளி திறந்ததும் களத்தைப் பெட்டியில் கட்டி வைத்தோம். அந்த இருவர் மட்டும் தாத்தாவின் அலமாரியில், அவருடைய பதக்கங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். சோடாப் பனி இப்போது மஞ்சளாகி வருகிறது. மாற்றித் தருகிறேன் என்றேன். “இருக்கட்டும், அப்படியே விடு” என்றுவிட்டார்.

தோழியரே, தாத்தாவிடம் எத்தனையோ முறை நேராகக் கேட்டும் கிடைக்காத கதை, அவர் அருகில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தபோது தானே வந்தது. உங்கள் வீட்டிலும் பேசாத பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். கையில் ஏதேனும் ஒரு வேலையோடு அவர் அருகில் போய் உட்காருங்கள். அது பொம்மை வேலையாக இருந்தாலும் பரவாயில்லை.