முற்றும் எச்சமும்

மாணவர் எழுதும் கட்டுரைகளுள் போரைப் பற்றிய கட்டுரையைத் திருத்துவதே கடினம் என்பது என் பட்டறிவு. இயற்கைக் காட்சி, நூலகத்தின் பயன், தாய்மொழிப் பற்று ஆகிய தலைப்புகளில் அவர்கள் பொருளுக்காகத் தவிக்கின்றனர். சொற்றொடர் ஒழுங்காக வந்துவிடுகிறது. போர் என்றதும் பொருள் பொங்கி வருகிறது, சொற்றொடர் சிதைந்துவிடுகிறது. முடிவே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் தொடர் ஒருபுறம். தொடங்கிய இடத்திலேயே அறுந்து நிற்கும் துண்டு மறுபுறம். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் 'போரும் அமைதியும்' என்னும் தலைப்பைக் கொடுத்துச் சிவப்பு மையால் திருத்திய ஆசிரியர் எவரும் இவ்விரண்டையும் கண்டிருப்பர். இவற்றைத் திருத்துவது வெறும் இலக்கணப் பணி என்று எண்ணுவோர் உளர். அவ்வாறு அன்று என்பதைச் சில சான்றுகளால் எடுத்துரைக்க விழைகிறேன்.

ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: "1945 ஆகஸ்டு 6 அன்று விமானம் வந்து ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டு மக்கள் எரிந்து நகரம் அழிந்து ஜப்பான் சரணடைந்து போர் முடிந்து உலகில் அமைதி திரும்பியது." இதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. வினையெச்சங்கள் அடுக்கி வந்து இறுதியில் ஒரு முற்றைக் கொண்டு முடியலாம் என்பது தொல்காப்பியம் ஒப்பிய மரபு. ஆயினும், 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்பதும் அந்நூல் வகுத்த விதியே. இங்கு வந்தது விமானம், எரிந்தவர் மக்கள், அழிந்தது நகரம், சரணடைந்தது ஜப்பான், முடிந்தது போர், திரும்பியதோ அமைதி. ஆறு எழுவாய்கள் ஒரே முற்றில் கட்டப்பட்டுள்ளன.

'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று உலக வழக்கில் சொல்கிறோமே, அங்கும் எழுவாய் மாறவில்லையா என்று கேட்கலாம். மாறுகிறது. ஆனால் மழை பெய்ததன் பயனாகவே குளம் நிறைந்தது. அந்தத் தொடர்பே அவ்வழக்கைத் தாங்கி நிற்கிறது. அம்மாணவரின் தொடரைக் கெடுப்பதும் அதே தொடர்புதான். குண்டு போட்டதன் பயனே அமைதி என்று அத்தொடர் சொல்லாமல் சொல்கிறது. அவர் அவ்வாறு கருதுகிறாரா என்று வினவினேன். "இல்லை ஐயா, நான் அதை நினைத்தே பார்க்கவில்லை" என்றார். அவர் நினையாத கருத்தை அவருடைய வினையெச்சங்கள் நினைத்திருந்தன.

அத்தொடரை ஆறாக முறிக்கச் சொன்னேன். முறித்த இடந்தோறும் ஒரு வினா எழுந்தது. எவருடைய விமானம்? அமெரிக்க விமானம் என்று எழுதினார். எந்த நேரம்? காலை 8.15 மணி. எத்தனை மக்கள்? அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 'நகரம் அழிந்தது' என்பதற்கும் 'ஜப்பான் சரணடைந்தது' என்பதற்கும் நடுவில் முற்றுப்புள்ளி வைத்தபோதுதான், அவ்விரண்டிற்கும் இடையே ஒன்பது நாள்கள் கிடப்பது அவருக்குத் தெரிந்தது. ஜப்பானியப் பேரரசரின் சரணடைவு அறிவிப்பு வானொலியில் ஒலித்தது ஆகஸ்டு 15இல். இடையில், ஆகஸ்டு 9இல், நாகசாகியின்மீது இரண்டாம் குண்டு விழுந்தது. நெடுந்தொடர் ஒரு நகரத்தையே விழுங்கியிருந்தது. போர் 'முடிந்து' என்னும் எச்சமும் நிற்கவில்லை. கதிர்வீச்சு விளைத்த நோய்களால் அதன்பின் பல்லாண்டுகள் மக்கள் மாண்டுகொண்டிருந்தனர் அல்லவா?

இந்நெடுந்தொடர்கள் எங்கிருந்து வருகின்றன? ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளி கிடையாது; அது அச்சு உரைநடையோடு நிலைபெற்றது. அதற்கு முன் தொடரின் எல்லையைக் காட்டியது வினைமுற்றே. அப்பழமை நம் மொழியின் குருதியில் உள்ளது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைப் படித்த மாணவர் அதன் விரைவில் மயங்குகின்றனர். பரணியின் விரைவைச் சந்தம் தாங்குகிறது. உரைநடையில் அதைத் தாங்க எதுவும் இல்லை. மேலும், இன்று கைப்பேசித் திரையில் போர்க்காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஓடும் காட்சியைப் போலவே மாணவர் எழுத்தும் ஓடுகிறது.

இனி, இதனினும் நுட்பமான ஒன்று. ஈழத்தைப் பற்றி இருவர் எழுதிய கட்டுரைகள் ஒரே நாளில் என் மேசைக்கு வந்தன. ஒருவர், "யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலாகி" என்று தொடங்கிப் பத்து வரிகள் நீட்டியிருந்தார். மற்றவர், "1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேறி அகதிகளாகி" என்று தொடங்கி அதே அளவு நீட்டியிருந்தார். எரிந்து, வெளியேறி என்பன தன்வினைகள். நூலகம் தானாக எரியவில்லை. 1981இல் காவல்துறையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் அதை எரித்தனர். முஸ்லிம்கள் தாமாக வெளியேறவில்லை. 70,000 பேருக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எரிந்தது, எரித்தனர், வெளியேறினர், வெளியேற்றினர். ஓர் எழுத்தின் வேறுபாட்டில் குற்றம் செய்தவர் மறைகிறார், அல்லது தோன்றுகிறார். இரண்டு தாள்களின் ஓரத்திலும் ஒரே வினாவை எழுதினேன்: 'செய்தவர் எங்கே?'

முதல் மாணவர் தம் தொடரை அன்றே திருத்திவிட்டார். பிறகு நண்பரின் தாளை எட்டிப் பார்த்து, "அதைப் பிறவினையில் எழுதினால் சிலர் மனம் புண்படாதா ஐயா?" என்று கேட்டார். "உம் தாளைத் திருத்தியபோது இந்த ஐயம் வரவில்லையே" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் இருவரும் சேர்ந்தே இரண்டாம் தாளைத் திருத்தினர். பகைவர் செய்ததற்குப் பிறவினையும் நம்மவர் செய்ததற்குத் தன்வினையும் என்று வைத்துக்கொள்வது எல்லா நாட்டிலும் எல்லாத் தரப்பிலும் உள்ள வழக்கம். நடுவுநிலைமை என்பது மேடையில் பேசும் பொருளாக இருந்தால் போதாது. வினைச்சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

துண்டுத்தொடர்களைத் திருத்துவது வேறு வகையான பணி. தமிழில் வினைச்சொல் இல்லாத தொடரெல்லாம் குறைத்தொடர் ஆகாது. 'என் பாட்டனார் வணிகர்' என்பதில் பெயரே பயனிலையாக நின்று கருத்தை முடிக்கிறது. குறை எங்கே வருகிறது? "தாயை இழந்த பிள்ளைகள். பிள்ளைகளை இழந்த தாய்மார். அநாதையான முதியோர்." இவற்றில் பெயரெச்சமும் பெயரும் உண்டு, பயனிலை இல்லை. மேடைப் பேச்சில் கைதட்டு வாங்கும் இத்துண்டுகளை மாணவர் பெரிதும் விரும்புகின்றனர். நான் கேட்பது ஒன்றே: அந்தப் பிள்ளைகள் என்ன செய்தனர்? எங்கே போயினர்? எவர் சோறிட்டார்? விடை தெரிந்தால் அதுவே பயனிலை. தெரியாவிட்டால், தெரியாமையைத் துண்டு மறைத்து நிற்கிறது. தேடிப் படித்துவிட்டு வருக என்று அனுப்பிவிடுவேன்.

ஆயினும் ஒரு துண்டை நான் திருத்தவில்லை. ஒரு மாணவி தம் உம்மம்மாவின் தாயாரைப் பற்றி எழுதியிருந்தார். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன; 1942 மார்ச்சில் அந்நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காத இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகப் புறப்பட்டனர். அக்குடும்பமும் கடையைப் பூட்டிவிட்டு, தமு வழியாக மணிப்பூரை நோக்கி நடந்தது. வழியெங்கும் பசி, காலரா, மலேரியா. கட்டுரை நடுவில் இவ்வாறு ஒரு வரி: "கைக்குழந்தையைத் தமுவுக்கு அப்பால் ஒரு மரத்தடியில்." அடுத்த வரியில் அவர்கள் இம்பாலுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றனர்.

ஓரத்தில் 'வினை?' என்று குறித்தேன். மாணவி என்னிடம் வந்து, "அவ்வளவுதான் ஐயா சொல்வார்களாம். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்களாம். உம்மம்மாவுக்கும் மிச்சம் தெரியாது" என்றார். அடக்கம் செய்தாரா, கிடத்தினாரா, விட்டுவந்தாரா? எந்த வினையை இட்டாலும் அது நாம் இட்டதாகவே இருக்கும். அத்தாய் சொன்னதாக இராது. தொல்காப்பியத்தின் எச்சவியல் பத்து வகை எச்சங்களைக் கூறுகிறது. அவற்றுள் குறிப்பெச்சமும் ஒன்று. சொல்லாமல் விட்டதைக் கேட்போர் குறிப்பால் உணர்வது அது. இங்கு உணர்வதற்கு வழி வேண்டும். இல்லையேல் படிப்பவர் அச்சுப்பிழை என்று கடந்துவிடுவார். ஆகவே அத்துண்டின்பின் முழுத்தொடர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். மாணவி எழுதினார்: "இதற்குமேல் அவர் ஒருநாளும் சொன்னதில்லை." அதே கட்டுரையில் இருந்த வேறு மூன்று துண்டுகளை அடித்துத் திருத்தினேன். இது அப்படியே நின்றது.

மாணவச் செல்வங்களே! எச்சம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் எஞ்சியது என்றும் வழித்தோன்றல் என்றும் பொருள் உண்டு. போரிலிருந்து எஞ்சியவரின் வழித்தோன்றல்கள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தாம் கேட்டதை எழுதும் உரிமையும் பொறுப்பும் அவர்களுக்கே உண்டு. எழுதி முடித்தபின் ஒவ்வொரு தொடரையும் மூன்று முறை சோதியுங்கள். செய்தவர் யார் என்பது தெரிகிறதா? ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவரேனும் விடுபட்டுள்ளனரா? துண்டாக நிற்கும் இடத்தில் உண்மையிலேயே சொல்ல இயலாத ஒன்று உள்ளதா, அல்லது தேடிப் பார்க்கும் சோம்பல் உள்ளதா? திருத்திய தாள் கைக்கு வரும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். ஓரத்தில் உள்ள சிவப்பு வினாக்களுக்கு விடை எழுதி மீண்டும் கொண்டு வாருங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.