கிருஷ்ணகிரிப் படிகள்

திண்டிவனத்து நண்பருக்கு அறுபது கடந்ததும் இமயமலை ஆசை பிறந்தது. நாலு நாள் நடை போதுமாம், கூட்டம் கூடாதாம். மருமகளுக்கோ பயம். “முதலில் செஞ்சியில் ஏறிப் பாரும்” என்றேன்.

செஞ்சி என்றால் பலரும் ராஜகிரிக்கே ஓடுவார்கள். சாலைக்கு வடக்கேயுள்ள கிருஷ்ணகிரியில் சந்தடி குறைவு. கருங்கல் படிகள், செங்குத்து. மேலே களஞ்சியங்கள், ரங்கநாதர் கோயில். ராஜாராமைப் பிடிக்க வந்த மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இம்மலைகளைச் சுற்றிக் கிடந்தது. எங்களுக்கென்ன அவசரம்?

விடியலிலேயே ஏறினோம். மூன்று இடங்களில் உட்கார்ந்தார். மூச்சு சீக்கிரமே அடங்கிற்று. முழங்கால் தேறிவிட்டது. ஆனால் மெல்லிய காற்றைச் செஞ்சி சோதிக்காதே! அதனால் அல்மோரா பக்கத்துப் பின்சர் காட்டைச் சொன்னேன். உச்சியே சுமார் 8000 அடிதான்.

“அதை நீரே மருமகளிடம் சொல்லும்” என்றார்.