பாங்காக்கில் ஒரு ஜெர்மன் பீப்பாய்

"பீர் காய்ச்சும் இடத்துக்கா? நானா?"

அக்கா பெண் சொன்னதைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் இவைதான். வாசகிகளே, உங்களில் பாதிப் பேராவது அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். மீதிப் பேர் வாயால் கேட்காமல் முகத்தால் கேட்டிருப்பீர்கள்!

2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நான் பாங்காக் போயிருந்தேன். அக்காவின் மாப்பிள்ளைக்கு அங்கே உத்தியோகம். மரகத புத்தர் கோயில், சாவோ பிரயா நதியில் படகுச் சவாரி, சீலோம் வீதியில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் எல்லாம் பார்த்தாயிற்று. 12-ந் தேதி மாலை, மாப்பிள்ளையின் ஆபீஸில் வேலை பார்க்கும் தாய்லாந்துப் பெண்மணி ஒருத்தி எங்களை விருந்துக்கு அழைத்திருந்தாள். இடம், ராமா மூன்றாம் சாலையில் உள்ள 'தவான் டேங்' என்ற ஜெர்மன் பாணி பீர்சாலை.

"சித்தி, அன்னிக்கு இங்கே அன்னையர் தினம். சிரிகிட் ராணியோட பிறந்த நாள். அவ தன் அம்மாவை அழைச்சுண்டு வரா. நீங்க வரலேன்னா அந்தப் பாட்டிக்குத்தான் வருத்தமா இருக்கும்" என்றாள் அக்கா பெண்.

என் தயக்கத்துக்குக் காரணம் வெறும் ஆசாரம் அல்ல. என் மூத்த அண்ணா குடித்தே குடும்பத்தைக் கரைத்தவர். வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனதை, பாவாடை கட்டிய வயதில் எண்ணிக்கொண்டே இருந்தவள் நான். கடைசியாகப் போனது அம்மா பொங்கல் வைக்கும் வெண்கலப் பானை. அந்த நெடி அடிக்கும் இடத்தில் காலை வைக்க மாட்டேன் என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். அன்னையர் தினத்தில் ஒரு தாயின் மனத்தை நோக அடிப்பதா, என் தாய்க்குச் செய்த சத்தியத்தை மீறுவதா? இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். காலையில், "சரி, வருகிறேன். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்" என்றேன்.

'தவான் டேங்' என்றால் சிவந்த சூரியன் என்று அர்த்தமாம். கட்டடம் ஒரு மாபெரும் பீப்பாயைப் போல வட்டமாக இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் என் கண்கள் தள்ளாடும் ஆசாமிகளைத் தேடின. கண்டது என்ன தெரியுமா? மேஜைக்கு மேஜை பாட்டிமார்கள்! பட்டுச் சட்டை போட்ட பாட்டிகள், சக்கர நாற்காலியில் வந்த பாட்டிகள், மடியில் பேரக் குழந்தை உறங்கும் பாட்டிகள். ஒவ்வொருவர் கையிலும் மல்லிகை மாலை! அங்கே அன்னையர் தினத்தின் பூ மல்லிகைதான். 'மலி' என்கிறார்கள். மாலைக்குக்கூட அவர்கள் மொழியில் 'மாலை' என்றே ஒலிக்கும் சொல்தான். நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடுவில், பீர் நெடிக்குப் பதிலாக எங்கள் வீட்டுக் கூடத்து வெள்ளிக்கிழமை வாசனை மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

ஜெர்மனிக்கும் பாங்காக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இன்று நேற்று வந்த சம்பந்தம் அல்ல. பிரயா பிரோம் பக்தி என்ற பிரமுகர் ஜெர்மனி வரை சென்று இந்தத் தொழிலின் நுணுக்கங்களைப் பார்த்து வந்து, 1933-ல் தாய்லாந்தின் முதல் பீர்த் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவர் மகனும் ஜெர்மனியில் அந்த வித்தையைப் படித்தார். அவர்களுடைய சரக்குக்குப் பெயர் 'சிங்கா', அதாவது நம் சிங்கமேதான். அந்தப் பழைய உறவின் பிற்காலக் கிளை என்று 1999-ல் வந்த இந்தச் சாலையைச் சொல்லலாம்.

பீர் காய்ச்சும் செப்புக் கொப்பரைகள் சாப்பிடும் கூடத்திலேயே நிற்கின்றன. அவற்றை அருகில் போய்ப் பார்த்தபோது என் சமையலறைப் புத்தி விழித்துக்கொண்டது. கேழ்வரகை ஊறவைத்து, முளை கட்டி, உலர்த்திக் குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைப்போம் அல்லவா? பார்லியை அதே மாதிரி முளை கட்டி உலர்த்தினால் அதுதான் 'மால்ட்'. அதை நொறுக்கி, 65 டிகிரி அளவு சூடுள்ள வெந்நீரில் ஊறவிட்டால் மாவுச் சத்து இனிப்பாக மாறிவிடும். இனிப்பு நீரை வடித்து, 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். கசப்பும் மணமும் அந்தப் பூ தருவது. ஆறிய பிறகு ஈஸ்டைச் சேர்த்தால், இட்லி மாவு பொங்குகிற மாதிரி நுரைத்துப் பொங்குகிறது! சக்கையை அங்கேயும் மாட்டுக்குத்தான் போடுவார்களாம்.

வகை மூன்று. குளிரில் வாரக் கணக்கில் வைத்திருப்பது 'லாகர்'. கோதுமை சேர்த்தது 'வைஸன்'. காப்பிக் கொட்டையைப் போல மால்ட்டைக் கருக வறுத்தால் வருவது 'டுங்கல்', நிறமும் டிக்காஷன்தான். பவேரியா நாட்டில் 1516-லேயே, பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதில் ஈஸ்டின் பெயரே இல்லை. பொங்க வைப்பது ஓர் உயிர் என்று அப்போது யாருக்கும் தெரியாது! மாவு ஏன் பொங்குகிறது என்று கேட்காமலே தலைமுறை தலைமுறையாக இட்லி வார்த்த நம் பாட்டிமார்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மேடையில் தாய்லாந்துப் பாட்டும், மேல்நாட்டுப் பாட்டும், நடனமும் மாறி மாறி நடந்தன. பக்கத்து மேஜைக்கு ஆளுயரத்தில் பாதி இருக்கும் கண்ணாடிக் குழாய் நிறைய பீர் வந்தது. கூடவே பன்றித் தொடை வறுவல். எனக்கு வயிறு கலங்கியது. உங்களுக்கு ஒரு மந்திரம் சொல்கிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'மங்சவிரட்'. நம் 'மாம்ச விரதி'தான் அது! அத்துடன் மீன் சாறு வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொன்னேன், உருளைக்கிழங்கு வறுவலும், பப்பாளிக்காய்க் கோசும்பரியும், பழத் தட்டும் வந்தன. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றவள் இளநீரும் குடித்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் மேஜையில் பாட்டியின் மகன், வாட்டசாட்டமான மனிதர், எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டிருந்தார். "காவ் பன்சா" என்றார் சிரித்துக்கொண்டே. மழைக் காலத்து மூன்று மாதம் பிக்ஷுக்கள் ஒரே விகாரத்தில் தங்குகிறார்களே, நம் சாதுர்மாஸ்யம் மாதிரி, அதுதான். அந்த மூன்று மாதம் குடிப்பதில்லை என்று பலர் விரதம் எடுத்துக்கொள்கிறார்கள். 2003 முதல் அதற்கென்று ஓர் இயக்கமே நடக்கிறது.

பாட்டி மெல்ல ஏதோ சொன்னாள். மகள் ஆங்கிலத்தில் சொல்ல, அக்கா பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் நன்றாகக் குடிப்பார். ஆனால் காவ் பன்சா வந்தால் தொட மாட்டார். நாலாம் மாதம் பழையபடி ஆரம்பித்துவிடுவார். அந்த மூன்று மாதக் கூலியைத்தான் நான் பானையில் போட்டு மூடி வைப்பேன். மூன்று மூன்று மாதமாகவே இந்த இரண்டையும் படிக்க வைத்துவிட்டேன்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் அண்ணா திருந்தியிருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் இத்தனை காலம் ஏங்கினோம். மூன்று மாதம், வெறும் மூன்றே மாதம் கிடைத்திருந்தால் போதும், என் அம்மாவும் ஒரு பானையை மூடி வைத்திருப்பாளே!

என் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். வெண்கலப் பானையைப் பற்றியும் சொன்னேன். சொந்த ஊரில் யாரிடமும் வாய் திறந்து சொல்லாத கதை அது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. தன் கையிலிருந்த மல்லிகை மாலையை எடுத்து என் மணிக்கட்டில் போட்டுவிட்டு, மேடைப் பக்கம் திரும்பிப் பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள்.

வாசகிகளே, குடியை நல்லதென்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். செப்புக் கொப்பரை எத்தனை பளபளத்தாலும் எனக்கு அதில் தெரிவது அடகுக் கடைதான். ஆனால் அன்று நான் போகாமல் இருந்திருந்தால், என் அம்மாவைப் போல இன்னொருத்தி கடல் தாண்டி இருந்தாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வீடு திரும்பியதும் குளித்துவிட்டு அந்த மாலையைப் பூஜை அலமாரியில் வைத்தேன். பெட்டியிலிருந்த அம்மாவின் சின்னப் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சத்தியத்தை மீறியதற்கு அம்மா கோபித்துக்கொள்வாளோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, "பானையை மூடி வைத்தாளாமே, கெட்டிக்காரி!" என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தபடியே தூங்கிவிட்டேன்.